தேயிலைக்குள் தெரிந்த பீரங்கி

பலீல் முதலாளி பதுளைக் கடைத்தெருவில் ஆணியும் பெயின்டும் விற்றவர். எதை விற்றாலும் அவருக்கு ஒரே முறைதான்: மட்டமான சரக்கை முதலில் எடுத்துப் போடுவார். வந்தவர் முகத்தைச் சுளித்து, எழுந்து, செருப்பைத் தேடும்போதுதான் நல்லது உள்ளேயிருந்து வரும். முதலில் காட்டியதையே வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் வெள்ளைக்காரத் துரையின் மனைவி துரைசாணிக்கு ஒரே மகன். பிரான்சில் பீரங்கிப் படையில் இருந்தான். ஜெர்மன் சண்டை முடியப்போகிற சமயத்தில் எதிரியின் குண்டு அவனுடைய பீரங்கியின் மேலேயே வந்து விழுந்தது. மிஞ்சியது அவன் பீரங்கியோடு நிற்கிற ஒரு படம். பீரங்கி முழுக்க மேகம் மாதிரித் திட்டுகள். ஒவ்வொரு திட்டைச் சுற்றியும் கறுப்புக் கோடு. அந்தப் படத்தைத் தச்சனிடம் கொடுத்து முழங்கை நீளத்தில் ஒரு மரப் பீரங்கி செய்வித்துவிட்டாள். நிறம்தான் தெரியவில்லை. படத்தில் எல்லாம் கறுப்பும் வெள்ளையும்தானே. கிளப்பில் துரைமாரைக் கேட்டாள். ஒருவர் முழுப் பச்சை என்றார். ஒருவர் கப்பல் மாதிரிச் சாம்பல் என்றார். சண்டைப் பக்கமே போகாத ஒருவர், எல்லாரையும்விட உறுதியாக, மணல் நிறம் என்றார். கடைசியில் பீரங்கியும் படமும் பெயின்ட் கடைக்கே வந்து சேர்ந்தன.

"எனக்குத் தெரியும் மொதலாளி," என்றான் கடையில் மூட்டை தூக்கும் வீரய்யா. "நானே அடிச்சிருக்கேன்."

வீரய்யா அதே தோட்டத்திலிருந்து ஓடிப்போனவன். கங்காணியோடு கைகலப்பாகி, கடல் தாண்டி, பட்டாளத்துக்குக் கூலிவேலை செய்யும் பிரிவில் சேர்ந்து பிரான்ஸ் வரை போனான். அங்கே, உடைந்து வரும் பீரங்கிகளைச் சரிபண்ணும் பட்டறையில் பிரஷ் பிடித்தான். திரும்பி வந்தும் பதுளையைத் தாண்ட முடியவில்லை; தோட்டத்துக்குள் கால் வைத்தால் பிடித்துவிடுவார்கள். மனைவி வேலாயி தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டில் இருந்தாள். ஓடியவன் பெண்டாட்டி என்று துரை அவளுக்குத் தோட்டத்தை விட்டுப் போவதற்கான துண்டு கொடுக்கவில்லை. துரை கையெழுத்துப் போட்ட துண்டு இல்லாமல் வெளியேறினால் பொலிஸ் பிடிக்கும். வேறு தோட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள்.

"அப்ப உன்கிட்ட சரக்கு ஈக்குது," என்றார் பலீல். "வெல என்ன? வேலாயிட துண்டு. எங்க, அடிச்சுக் காட்டு."

வீரய்யா ஒரு பெட்டி மூடியை எடுத்து அடித்தான். பாசிப்பச்சை, சேற்று நிறம், காய்ந்த புல்லின் வெளிர் மஞ்சள், சுற்றிலும் கறுப்புக் கோடு.

"கொஞ்சம் தள்ளிப் போனா எங்க வச்சோம்னு நாமளே தேடணும் மொதலாளி."

பலீல் அதைச் சாக்கால் மூடினார். "இது பொறகு. பீரங்கிக்குக் காவியும் எலுமிச்ச மஞ்சளும் அடி."

"அது பொய்யாச்சே!"

"பொய் இல்லடா, மொதச் சரக்கு. படத்துல செவப்பும் பச்சையும் ஒரே கறுப்புத்தான். அவ மொகத்தச் சுளிப்பா. 'பொஞ்சாதி நெனப்புல பயலுக்கு மறந்து போச்சு, துண்டு கெடச்சா ஞாபகம் வரும்'னு நான் செல்லுவன். அப்ப மூடிய எடுப்பம்."

அடித்த பீரங்கியோடு இருவரும் வண்டியில் தோட்டத்துக்குப் போனார்கள். துரைசாணி வரச்சொன்ன ஆள் என்பதால் கங்காணி பல்லைக் கடித்துக்கொண்டு வீரய்யாவுக்கு வழிவிட்டான். பெட்டி மூடி சாக்குக்குள் வண்டியிலேயே இருந்தது.

துரைசாணி பீரங்கியைக் கையில் வாங்கினாள். முகத்தைச் சுளிக்கவில்லை. படியிறங்கித் தேயிலைக்குள் நடந்து, இரண்டு செடிகளுக்கு நடுவே அதை வைத்துவிட்டு, பங்களா விறாந்தைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். பச்சைக்குள் அது சந்தைக்கடைப் பொம்மை மாதிரித் தெரிந்தது.

"பெயின்ட் அடிக்கிறது ஒளிக்கத்தானே?" துரைசாணிக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும்.

"ஆமாங்க," என்றான் வீரய்யா.

"ஒளிக்கல்ல." அவள் குரல் உடைந்தது. "பீரங்கி யாருக்கும் தெரியாது, பயப்பட வேணாம்னு மகன் எழுதினான். அவனை ஏமாத்திட்டாங்க."

தன் வாழ்நாளில் முதன்முறையாக, முதல் சரக்கையே வாங்கிவிட்ட ஒருவரைப் பார்த்து பலீலுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னாங்க. இவன்தான் நெசத்தைச் சொன்னான்," என்றவள், யாரும் கேட்காமலேயே துரையைக் கூப்பிட்டு இவனுக்கு என்ன வேண்டுமோ கொடுக்கச் சொன்னாள். வேண்டியது வேலாயியின் துண்டுதான் என்று துரைக்குத் தெரியும்; வீரய்யாவை ஒருமுறை முறைத்துவிட்டு உள்ளே போய்த் துண்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். வேலாயியைக் கூட்டிவர லயத்துக்கு ஆள் ஓடியது.

"தொரசாணி, அது வந்து..." என்று வீரய்யா தொடங்கினான். பலீல் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் காதோடு சொன்னார்.

"மை காயல்லடா. இப்ப மாத்திப் பேசினா துண்டும் போகும், நீயும் உள்ள போவ."

வேலாயி துணி மூட்டையோடு படிக்குக் கீழே வந்து நின்றாள். துண்டு இன்னும் துரையின் கையில்தான் இருந்தது.

"நீ பார்த்த பீரங்கி எல்லாம் இப்பிடித்தானா?" துரைசாணி கேட்டாள்.

வீரய்யா வேலாயியைப் பார்த்தான்.

"இப்பிடித்தாங்க."

வண்டி தோட்டத்து எல்லையைத் தாண்டியது. வேலாயி துண்டை மடியில் செருகி அதன்மேல் கையை வைத்திருந்தாள்.

"அந்தம்மா ஏங்க அழுவுது?"

வளைவில் பலீல் சாக்கை அவிழ்த்து, பெட்டி மூடியைச் சரிவில் வீசினார். "போற வழியில பசறை டவுன்ல யாரும் கண்டா வம்பு."

வீரய்யா வண்டியிலிருந்து குதித்துவிட்டான். "வண்டிய நிப்பாட்டுங்க. அதக் காட்டிச் சொல்லிட்டு வாறேன். வேலாயி வெளிய வந்திட்டா. என்னைப் புடிச்சா புடிக்கட்டும்."

"பைத்தியமாடா? அப்பிடி வேணுமெண்டா கடைக்குப் போய் இன்னொண்ணு அடிச்சுக்கலாம்."

"பதுளைக்குப் போயிட்டா நான் திரும்ப மாட்டேன் மொதலாளி. எனக்கே தெரியும்."

அவன் சரிவில் இறங்கினான். பச்சைப் பன்னச் செடியும் காய்ந்த மானாப்புல்லும் ஈர மண்ணுமாக இடம். இங்கேதான் விழுந்தது, விழுந்ததை மூவரும் பார்த்தார்கள். வேலாயியும் இறங்கினாள். கையால் தட்டித் தட்டித் தேடினார்கள். பலீல் மேலே நின்று கொஞ்ச நேரம் திட்டினார். பிறகு சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கினார். காலடியிலேயே கிடந்திருக்கும். யாருக்கும் தெரியவில்லை.

வேலாயி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். "அது என்னங்க அங்க, தேயிலைக்குள்ள, செவப்பா?"

வீரய்யாவும் பலீலும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தேடிக்கொண்டேயிருந்தார்கள்.