ஏக்கருக்கு ஐந்நூறு

"உங்க ஆளு கொண்டாந்த மசோதாவா? வாய் கூசல மாமா உனக்கு? எங்க தலைவர் நாலு வருசமா தொண்ட கிழிய கத்தனதுக்கு அப்பறந்தான் குத்தகைக்காரன்னு ஒருத்தன் உயிரோட கீறான்னே உங்க ஆளுக்குத் தெரிஞ்சுது."

"கத்தனாரு, கத்தனாரு. கத்தன மைக்குக்கு வாடக குடுத்தாரா, அதக் கேட்டியா மச்சான்?"

"வாடகயப் பத்தி நீ பேசாத. மாநாட்டு வெறகு எவன் வூட்டுக்குப் போச்சின்னு ஊருக்கே தெரியும்."

"எவன் வூட்டுக்குடா போச்சி? சொல்லு. பேரச் சொல்லு."

சோற்றுத்தட்டு இரண்டும் ஆறிக்கொண்டிருந்தன. நெத்திலிக் குழம்பை ஈ மொய்த்தது. கத்தியவன் பார்த்தசாரதி, வேண்டாவின் கூடப்பிறந்த தம்பி. பதில் கத்தியவன் தர்மராஜ், அவள் புருஷன். சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே மணல்மேட்டில் இருந்த அந்த முப்பது வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோ தேவைப்படாது. இந்த இரண்டு பேர் போதும். எதிர் வீட்டு ஞானம்பாள் முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்து உட்கார்ந்துவிடுவாள். முறத்தில் அரிசி இருந்ததை யாரும் பார்த்ததில்லை.

தர்மராஜ் ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர். அவனுடைய தலைவர் கோதண்டராமன், அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. பார்த்தசாரதி எதிர்க்கட்சி. அவனுடைய தலைவர் ஜானகிராமன், பக்கத்துத் தொகுதி எம்.எல்.ஏ. வேட்டிக் கரையின் நிறம் வேறு என்பதால் இருவர் வேட்டியையும் ஒரே வாளியில் ஊறவைக்கக்கூடாது என்று வேண்டாவுக்கு உத்தரவு. இத்தனைக்கும் பார்த்தசாரதி அந்த வீட்டுக்கு மருமகனாக வரப்போகிறவன். அக்கா மகள் லோகநாயகியை அவனுக்கு ஆவணியில் முடிப்பதாக வெற்றிலைபாக்கு மாற்றியாயிற்று.

வேண்டாவுக்கு எந்தக் கட்சியும் கிடையாது. மூன்று பெண்ணுக்குப் பிறகு நாலாவதாகப் பிறந்ததால் அந்தப் பேரை வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் பார்த்தசாரதி பிறந்தான். அவளுக்கென்று இருந்தது ஒன்றரை ஏக்கர் மணல்காடு. அதுவும் அவளுடையதல்ல, கோதண்டராமனுடையது. அப்பன் காலத்திலிருந்து குத்தகை. இருபத்திரண்டு வருஷமாக அவள் வேர்க்கடலை போட்டு, விளைச்சலில் பங்காக மூட்டைக் கணக்கில் வாரம் அளந்து, ஒரு ரசீது வாங்கியதில்லை. எழுபத்து மூன்றாம் வருஷம் சட்டசபைக்கு வந்த குத்தகை நில மசோதா, பத்து வருஷம் தொடர்ந்து பயிர் வைத்தவனுக்கே நிலம் என்றது. அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் வரப்பில் செருப்புப் போட்டு நடப்பதில்லை.

"யாரு கொண்டாந்தா இன்னா," என்றாள் தட்டுகளை நகர்த்தி. "நெலம் நமக்கு வருதா, அதச் சொல்லுங்க."

"வரும்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். பிறகு, யாரால் வரும் என்று திரும்பவும் ஆரம்பித்தார்கள்.

வரும் என்று அவளும் நம்பியதற்கு வேறொரு காரணம் இருந்தது. போன ஐப்பசியில் கோதண்டராமனே வரப்புக்கு வந்து, குத்தகைக்காரர்களுக்கெல்லாம் சவுக்குக் கன்று இலவசமாகக் கொடுத்தார். வேண்டாவுக்கு ஆயிரத்து இருநூறு. கடலைக்கு நடுநடுவே வைக்கச் சொன்னார். "கடல் காற்றுக்கு மறைப்பா இருக்கும்மா. நாளைக்கு அதிகாரி வந்து, இந்த நிலத்தைப் பராமரிக்கிறது யாருன்னு கேட்டா, மரமே உனக்கு சாட்சி சொல்லும்" என்றார். தர்மராஜ் அங்கேயே கை தட்டினான்.

இலவசக் கன்று என்பது பச்சை லஞ்சம் என்று பார்த்தசாரதி டீக்கடையில் பேசினான். பன்னிரண்டாம் நாள் ஜானகிராமனும் தன் குத்தகைக்காரர்களுக்கு லாரியில் கன்று இறக்கினார். அது வனவளர்ப்பு என்று அதே டீக்கடையில், அதே பெஞ்சில் உட்கார்ந்து விளக்கினான்.

இரண்டு லாரிக் கன்றும் செங்கல்பட்டு விறகுத் தொட்டி மதார் சாகிப் வரவழைத்துக் கொடுத்தவை. அவருக்கு இது விசித்திரமாகப் பட்டிருக்கலாம். வியாபாரி, கேட்டுக்கொள்ளவில்லை.

சவுக்கு மணலில் வேர் பிடிக்கக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேண்டா ஊற்றுக்குழியில் இறங்கி, கைக்கு ஒரு குடமாக ஏறி, தை முதல் பங்குனிவரை ஊற்றினாள். மற்றவர்கள் வைத்ததில் பாதி கருகியது. அவளுடையதில் செத்தது முப்பது. மிச்சம் ஆயிரத்து நூற்று எழுபதும் இடுப்புயரம் நின்றன. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் நன்றாக இருக்க வேண்டாமா. பொதுக்கூட்டத்தில் கோதண்டராமன் அவள் பேரைச் சொல்லி உழைப்பாளி என்று பாராட்டினார்.

மசோதாவை ஆராயும் தெரிவுக்குழு அந்தப் புதன்கிழமை மகாபலிபுரம் பயணியர் விடுதியில் கூடியது. ஏழைக் குடியானவனின் குறையைக் கடற்காற்று வாங்கிக்கொண்டு கேட்பது என்று ஏற்பாடு. இரண்டு எம்.எல்.ஏ.க்களும் குழுவில் இருந்தார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஆளுங்கட்சி ஆட்கள் வாழ்க போட்டார்கள், அந்தப் பக்கம் எதிர்க்கட்சி ஆட்கள் ஒழிக போட்டார்கள். இரண்டு பக்கமும் குத்தகைக்காரர் கூட்டம் காட்ட வேண்டியிருந்ததால், வேண்டாவைப் புருஷன் ஒரு பக்கம் கூப்பிட்டான், தம்பி ஒரு பக்கம் கூப்பிட்டான். அவள் தார்ரோட்டின் நடுவில் வெயிலில் நின்றாள். பதினோரு மணிக்கு நாக்கு வறண்டுபோய், தண்ணீர் கேட்க விடுதியின் பின்பக்கம் போனாள்.

சமையல்கட்டு ஜன்னலுக்கு அப்பால் சாப்பாட்டு மேஜை தெரிந்தது. கோதண்டராமனும் ஜானகிராமனும் எதிரெதிரே உட்கார்ந்து வஞ்சிரம் வறுவலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். மதார் சாகிப் தொப்பியைச் சரிசெய்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"குத்தகைக்காரனுக்கு நிலம், தோப்பு நீங்கலாகன்னு போட்டாச்சு," என்றார் கோதண்டராமன். "எத்தனை மரம் இருந்தா தோப்பு, அதைச் சொல்லணும். ஏக்கருக்கு எண்ணூறுன்னு வெச்சுக்கலாம். நான் கன்று கொடுத்தது அந்தக் கணக்குலதான்."

"உங்க பக்கம் தண்ணி ஊத்த ஆள் கீது அண்ணாத்த. என் பக்கம் பாதி காஞ்சிபூட்ச்சி. எண்ணூறுன்னா எனக்கு ஒரு ஏக்கர்கூட தேறாது. ஐந்நூறு போடுங்க."

"ஆறு மாசக் கன்றை மரம்னு எழுத முடியுமா? பாய், நீங்க சொல்லுங்க."

மதார் சாகிப் கொஞ்சம் யோசித்தார். "வேர் புடிச்சிட்டா மரந்தாங்க."

"அப்ப சரி, ஐந்நூறு. ஆனா சட்டத்துக்குப் பேரு எங்க தலைவர் பேருதான்."

"வையுங்க. பேரக் கண்டிச்சு சபையில நாங்க வெளிநடப்பு செய்வோம், கோச்சிக்காதீங்க."

"தாராளமா செய்யுங்க தம்பி. பன்னண்டுக்குள்ள முடிச்சிட்டு ஓட்டுக்கு வந்துடுங்க. மீன் போட்டுக்குங்க."

வேண்டாவின் கையில் இருந்த சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. ஒன்றரை ஏக்கருக்கு எழுநூற்றைம்பது. அவளிடம் நின்றது ஆயிரத்து நூற்று எழுபது. ஒவ்வொன்றுக்கும் அவள் கையால் ஊற்றிய தண்ணீர்.

வெளியே வந்த மதார் சாகிப் அவளைப் பார்த்துவிட்டார். "கேட்டாங்க, சொன்னேன்," என்றார் தரையைப் பார்த்து. கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார். "வெள்ளிக்கிழம கர்ணம் மரம் எண்ண வர்றாரு. கொறச்சலா இருந்தா தோப்புல சேராதும்மா. நான் சொன்னேன்னு சொல்லாத."

ரோட்டில் அவள் முதலில் புருஷனிடம் சொன்னாள்.

"எங்க தலைவர், அந்தாளோட ஒரே மேசைல? வெயில்ல நின்னு உனுக்குக் கண்ணு கட்டிக்கிச்சி."

தம்பியிடம் போனாள்.

"எங்க தலைவர் காத்தால இருந்து பச்சத்தண்ணி தொடலக்கா. உள்ள சண்ட போட்டுக்கினு கீறாரு."

"முள்ள எடுத்து எடுத்து வெச்சிக்கினு கீறாருடா. நான் பாத்தேன்."

"மாமா சொல்லிக் குடுத்தாரா இத?"

வியாழக்கிழமை கோழி கூவியதும் அவள் பிடுங்க ஆரம்பித்தாள். எழுநூற்றைம்பதுக்குக் கீழே கொண்டுவர நானூற்று இருபத்தொன்று பிடுங்க வேண்டும். நன்றாக வளர்த்த கன்று லேசில் வராது. இரண்டு கையாலும் அடித்தண்டைப் பிடித்து, காலை ஊன்றி இழுத்தாள். உள்ளங்கை கிழிந்தபோது முந்தானையைச் சுற்றிக்கொண்டாள். லோகநாயகியும் கூட இறங்கினாள். அவள் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள். முந்நூற்றுத் தொண்ணூறு என்று அவள் சொன்னபோது தர்மராஜ் ஓடி வந்தான்.

"தலைவர் குடுத்த கன்னுடி அது. அந்தக் கட்சிக்காரன்கிட்ட இன்னா வாங்கின நீ?"

பின்னாலேயே பார்த்தசாரதி வந்தான். தம்பி கை கொடுப்பான் என்று அவள் நிமிர்ந்தாள். அவன் அவள் கையைப் பிடித்து வரப்புக்கு இழுத்தான். "எம்.எல்.ஏ. மரத்த அழிச்சன்னு கேஸ் போட்டா ஜெயில்தாங்கா. சட்டம் வருது, எங்க தலைவர் பாத்துக்குவாரு. நீ சும்மா கெட."

அவன் அக்காவைப் பிடித்துக்கொள்ள, தர்மராஜ் பிடுங்கிய கன்றுகளைக் கொண்டுவந்து அதே குழிகளில் நட்டு மண்ணை மிதித்தான். மாமனும் மச்சானும் ஒரு காரியத்தில் ஒன்றுபட்டதை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. ஞானம்பாள் முறத்தையே மறந்து வந்து நின்றாள்.

மறுநாள் கர்ணம் குடையோடு வந்தார். வரப்பில் நின்றார், உள்ளே இறங்கவில்லை. நட்ட கன்றுகள் வாடித் தொங்கிக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் செத்துட்ச்சி சாமி," என்றாள் வேண்டா. "எழுநூத்தி எம்பதுதான் உசுரோட கீது. இன்னும் முப்பத்தியோரு கன்ன நான் இப்பவே உங்க கண்ணெதிர்க்க எடுத்துடறேன். எறங்கி எண்ணிப் பாருங்க."

"எண்ணியாச்சும்மா."

"எப்ப?"

"போன மாசமே அடங்கல் கணக்குல எழுதியாச்சு. சவுக்குத் தோப்பு, ஆயிரத்து நூறுக்கு மேல. இன்னிக்குக் கையெழுத்துத்தான்." நோட்டை மூடிக்கொண்டு, "நல்லா வளத்திருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடியில் சட்டம் நிறைவேறியது. பேரைக் கண்டித்து ஜானகிராமன் கட்சி வெளிநடப்பு செய்து, டீ குடித்து, ஓட்டெடுப்புக்குத் திரும்பி வந்தது. தோப்பு பற்றிய பிரிவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊரில் ஒரே சுவரில் இரண்டு போஸ்டர், இரண்டிலும் வெற்றி. தெருவின் அந்தக் கோடியில் தர்மராஜ் சரவெடி வைத்தான், இந்தக் கோடியில் பார்த்தசாரதி வைத்தான். மூன்றாம் வாரம் வேண்டாவுக்கு நோட்டீஸ் வந்தது. தோப்பு என்பதால் குத்தகை உரிமை இல்லை, உள்ளே நுழையக்கூடாது.

அன்றைக்கு நடந்த சண்டைதான் கடைசிச் சண்டை.

"உன் ஆளு ஐந்நூறுன்னு கொறைக்காம இருந்திருந்தா நெலம் நம்மளுது. எங்க தலைவர் சொன்ன எண்ணூறுன்னா ஆயிரத்து இருநூறு வேணும், நம்மகிட்ட அத்தினி இல்ல."

"கன்னு குடுத்தது யாரு மாமா? உன் ஆளு குடுத்த கன்னு."

"மீன் துன்னுக்கினே கையெழுத்துப் போட்டவன் உன் ஆளு."

"எதிர்க்க உக்காந்து, போட்டுக்கன்னு பரிமாறினவன் யாரு?"

வேண்டா அடுப்படியில் நின்று கேட்டாள். விடுதி ஜன்னலில் அவள் கேட்டுவந்து சொன்னதை, அவளுக்குக் கண்கட்டிவிட்டது என்று தள்ளியதை, இரண்டு பேரும் ஒரு சொல் விடாமல் ஞாபகம் வைத்திருந்தார்கள். அவள் உள்ளே போய், பெட்டியிலிருந்து நிச்சயத்துக்குத் தம்பி எடுத்துக் கொடுத்த புடவையைக் கொண்டுவந்து அவன் எதிரில் வைத்தாள்.

"ஏங்கா?"

"உங்க தலைவர் வூட்லயே பொண்ணு கேளு."

ஆவணிக் கல்யாணம் நடக்கவில்லை. லோகநாயகியை அடுத்த தையில் வந்தவாசிப் பக்கம் ஒரு நெல்லு மிஷின்காரனுக்குக் கொடுத்தார்கள். நிச்சயத்துக்கு முன்னால் வேண்டா அவனிடம் கேட்ட ஒரே கேள்வி, எந்தக் கட்சி என்பது. பார்த்தசாரதி இரண்டு வருஷம் கழித்து மதுராந்தகத்தில் பெண் எடுத்தான், அக்காவுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. அந்தக் கல்யாணத்துக்குள் ஜானகிராமன் ஆளுங்கட்சிக்கு மாறியிருந்தார். பார்த்தசாரதியும் கூடவே வேட்டிக் கரையை மாற்றிக்கொண்டான். அதனால் மாமனும் மச்சானும் இப்போது ஒரே கட்சி. பேச்சுவார்த்தை கிடையாது.

தர்மராஜ் மணல்மேட்டிலேயே தங்கிவிட்டான். கோதண்டராமன் அவனைத் தோப்புக்குக் காவல்காரனாகப் போட்டார். வேண்டா கேளம்பாக்கத்து உப்பளத்துக்குக் கூலியாகப் போனாள். அங்கேயும் இரண்டு சங்கம் இருந்தது. இரண்டு சங்கத்துக்காரர்களும் வந்து பேர் கேட்டார்கள். வேண்டா என்றாள். சங்கம் வேண்டாம் என்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, அவர்கள் அடுத்த பாத்திக்குப் போனார்கள். அவள் திருத்தவில்லை.