கன்னியப்பனின் வயிறு

கன்னியப்பனுக்கு வயிற்றில் நீர் கோத்திருந்தது. முகமும் வீங்கியிருந்தது. கையும் காலும் குச்சி. நீரை எடுப்பதற்காக ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு வந்து வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். மனைவி பாஞ்சாலி உள்ளே வரிசையில் நின்றாள்.

பட்டணத்து ஜீப் ஒன்று வந்து நின்றது. பாகிஸ்தானோடு சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். ஊர் ஊராகப் போய்ப் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க மைக்கில் பேசுவதும், சுவரொட்டி ஒட்டுவதும் அந்த ஜீப்பின் வேலை. புதிய சுவரொட்டிக்கு ஒரு குண்டு மனிதன் தேவைப்பட்டான். குண்டாக இருந்த கடைக்காரர்கள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மற்றவர்கள் குண்டாக இல்லை.

ஜீப்பிலிருந்து இறங்கிய காமிராக்காரர் கன்னியப்பனை எழுந்திருக்கச் சொன்னார். சுற்றி வந்து பார்த்தார்.

"பக்கவாட்டுல திரும்பு. சரியா இருக்கு."

"டாக்டரைப் பாக்கணும் சார். தண்ணி எடுக்கணும்."

"எடுத்துட்டா வயிறு போயிடுமே. முதல்ல படம். அப்புறம் தண்ணி."

பக்கத்து அரிசி மில்லுக்குக் கூட்டிப்போனார்கள். குச்சிக் கைகளை மறைக்கப் பட்டு ஜிப்பா போட்டார்கள். கழுத்தில் பித்தளைச் சங்கிலி. உமி அடைத்த மூட்டைகளின் நடுவே உட்கார வைத்தார்கள். மேல் மூட்டையின் வாயில் மட்டும் ஒரு கை அரிசி பரப்பினார்கள்.

"சிரி. பேராசையா சிரி."

"பேராசையான்னா எப்பிடி சார்?"

"அந்த அரிசியப் பாரு."

பார்த்தான்.

"அதேதான்" என்றார் காமிராக்காரர்.

படம் முடிந்ததும் மில்காரர் அரிசியைப் பொறுக்கிக்கொண்டார். கன்னியப்பனுக்கு ஒரு பன்னும் டீயும் கிடைத்தன. ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது டாக்டர் போய்விட்டிருந்தார்.

"எங்க போன?" என்றாள் பாஞ்சாலி. "பேரக் கூப்ட்டாங்க. ஆளக் காணோம்னு சீட்டக் கிழிச்சிட்டாங்க."

"படம் புட்ச்சாங்க."

"எத? இந்த வயித்தையா?"

அவன் பன்னில் பாதியைக் கொடுத்தான். அவள் வாங்கித் தின்றாள். தன் ஊரான வடக்குப்பட்டு வரை வயிற்றைத் தாங்கிக்கொண்டே நடந்தான்.

அடுத்த மாதம் ஊருக்குச் சுவரொட்டி வந்தது. ரேஷன் கடைச் சுவரில் இரண்டைப் பக்கம் பக்கமாக ஒட்டினார்கள். ஒன்றில் அந்த ஜீப்பின் டிரைவர் ராணுவ உடுப்பில் துப்பாக்கியோடு நின்றான். இன்னொன்றில் கன்னியப்பன் மூட்டைகளின் நடுவே சிரித்தான். எல்லையில் ஜவான் பட்டினி, உள்ளே பதுக்கல்காரன் விருந்து, துரோகியைக் காட்டிக்கொடுங்கள் என்று எழுதியிருந்தது.

முதலில் ஊர் சிரித்தது. "இன்னா முதலாளி, வியாபாரம் எப்பிடி?" என்று கேட்டார்கள். கன்னியப்பனும் போய் நின்று பார்த்தான். காகிதத்தில் நல்ல ஆரோக்கியமாக இருந்தான்.

பிறகு ரேஷன் கடைக்கு அரிசி வருவது நின்றது. கடைக்காரன் ரகுபதியை எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். அவன் சுவரைக் கைகாட்டினான்.

"என்னை இன்னாத்துக்கு கேக்கறீங்க? அவரக் கேளுங்க."

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த முறை அரைகுறையாக அரிசி வந்தபோது, பாஞ்சாலியின் கார்டை ரகுபதி தள்ளிவிட்டான்.

"வூட்ல மூட்டை கீதே. உனுக்கு எதுக்கு?"

"அது உமி மூட்டைண்ணே. படத்துக்கு வெச்சது."

"கவர்மெண்டு பொய்யா ஒட்டும்?"

பாஞ்சாலி திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் அவளைத் தெரியும். ஒருவரும் பேசவில்லை. அவளுக்கு இல்லையென்றால் வரிசையில் இன்னும் ஒருவருக்குக் கிடைக்கும்.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா கணவனை இழந்தவள். கொஞ்சம் நிலம் இருந்தது. முந்தானையில் மறைத்து ஒரு சொம்புக் கஞ்சி கொண்டுவந்தாள்.

"குடி, கன்னியப்பா. யாராண்டையும் சொல்லாத."

"ஏதுக்கா நெல்லு?"

"வெதைக்கு வெச்சது. நவரைப் பட்டத்துக்கு வோணும். ஒரு கைதான் எடுத்தேன்."

அதற்குப் பிறகும் இரண்டொரு தடவை கொண்டுவந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் பாண்டுரங்கன் கடப்பாரையோடு வந்தான். கன்னியப்பனோடு ஏரி வேலையில் மண் சுமந்தவன். பின்னால் கூட்டம். ரகுபதியும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான்.

தரையைத் தோண்டினார்கள். அடுப்பைப் பெயர்த்தார்கள். கூரையைக் குத்திப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. யாரோ சொன்னார்கள், "இல்லாமயா இருக்கும்? தின்னுகினே கீறான் பாரு. வயித்தப் பாத்தா தெரியல?"

"நோவுடா அது" என்றான் கன்னியப்பன். "உள்ள தண்ணிடா."

"தண்ணியா? நாங்களுந்தான் தண்ணி குடிக்கிறோம். எங்களுக்கு ஏன் வரல?"

இதற்குப் பெரிய சிரிப்பு எழுந்தது. பாண்டுரங்கன் அவனைக் கீழே தள்ளினான். வயிற்றில் காலை வைத்து அழுத்தினான். கன்னியப்பனுக்கு மூச்சு வரவில்லை. கால் எடுக்கப்பட்டது. கடப்பாரையின் முனை தொப்புளுக்கு மேல் நின்றது.

"கொத்தவா? தண்ணியா அரிசியானு பாத்துடலாம்."

பாஞ்சாலி முன்னால் வந்தாள்.

"எங்க வெச்சிகீறனு சொல்லிடுய்யா" என்றாள்.

கன்னியப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். அவனைக் காப்பாற்ற அவள் அதைச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா வூட்ல" என்றான் கன்னியப்பன்.

நெல் பானை கோவிந்தம்மா வீட்டு அடுப்பங்கரை மூலையில் இருந்தது. வாய் சாணி போட்டு மெழுகியிருந்தது. அவள் அதன்மேல் விழுந்து கட்டிக்கொண்டாள்.

"வெதைநெல்லுடா. இது போனா நிலம் சும்மா கெடக்கும்டா."

"பதுக்கல் பதுக்கல்தான்" என்றான் பாண்டுரங்கன்.

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கடைசி விரல் சீக்கிரம் பிரியவில்லை. ரகுபதி அதை ஒடித்தான். பிறகு கடையிலிருந்து படி கொண்டுவந்து அளந்தான். துண்டிலும் மடியிலுமாக வாங்கிக்கொண்டார்கள். யாருக்கும் கூடவோ குறையவோ இல்லை.

பாண்டுரங்கன் ஒரு பங்கைக் கன்னியப்பன் வீட்டுக்கே எடுத்துவந்தான். பாஞ்சாலியின் முந்தானையில் கொட்டினான். கன்னியப்பனைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்தான்.

"மனசுல வெச்சிக்காத மாமா" என்றான். "முன்னாடியே சொல்லியிருந்தா தரையத் தோண்டியிருக்க மாட்டோம்."

தரையெல்லாம் பள்ளம். பாஞ்சாலி உரலை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போய் நெல்லைக் குத்தினாள். எதிரே கோவிந்தம்மா தன் வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஒடிந்த விரலை மற்றக் கையால் பிடித்திருந்தாள். உலக்கை ஏறி இறங்குவதைப் பார்த்தாள்.

"அக்காவுக்கும் ஒரு சொம்பு குடு" என்றான் கன்னியப்பன் உள்ளேயிருந்து.

பாஞ்சாலி நிறுத்தவில்லை.

"ரெண்டு பேருக்கே பத்தாது. உன் பங்கக் குடு."

அவள் புடைத்தாள், உலை வைத்தாள். கஞ்சி கொதித்ததும் அவன்தான் முதலில் தட்டை நீட்டினான்.