இழுத்துக்கொள்ளாத கால்

எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பரில், இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்ததே, அப்போதுதான் தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் என் கால் ஒடிந்தது. மறியல் செய்தவர்களே கயிற்றுக் கட்டிலில் போட்டுக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். வழியில் கிடந்த மரங்களை எல்லாம் வெட்டியவர்களும் அவர்கள்தான் என்பதால், எங்கே ஏறி எங்கே இறங்குவது என்பது அத்துப்படி.

அன்று நான் கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் மனைவி ஆயம்மாள், ஆடி மாதம் கோபித்துக்கொண்டு, அங்கே வாத்தியாராக இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். தப்பு என்னுடையதுதான். அவள் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், இந்த வூட்டுப் பொண்ணுங்க சாதாரணமில்லை, என் பொண்டாட்டி உலக்கையாலேயே ஒரு கரடியைச் சாய்த்தவள் என்று சொல்லிவிட்டேன். பெருமைக்காகச் சொன்னது. அவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

"உன் வாயிலேர்ந்து ஒரு நெஜம் வந்தா சொல்லி அனுப்பு, எறங்கி வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு வேலை கடற்கரைப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில், எலிகளோடு. பதினொரு வருஷ சர்வீஸ். பழைய எலிகள் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கும். எலியின் வாலைச் சுடுதண்ணீரில் விட்டு, எத்தனை விநாடியில் இழுத்துக்கொள்கிறது என்று பார்ப்போம். மார்ஃபின் ஊசி போட்டால் மெதுவாகத்தான் இழுக்கும். மார்ஃபின் மூளையில் உட்கார்ந்துகொண்டு 'வலியை மேலே விடாதே' என்று உத்தரவு போடுகிறது. அந்த உத்தரவைத் தண்டுவடத்துக்கு இறக்கிக் கொண்டுபோகிறவற்றில் ஒன்று செரட்டோனின் என்று எங்கள் ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா சொல்லுவார். வேறொரு மருந்து கொடுத்து எலியின் செரட்டோனினை வற்றவைத்துவிட்டால், அதே மார்ஃபினைப் போட்டாலும் வாலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். நானே பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் எனக்குப் போட்டது பெத்தடின், மார்ஃபினுக்குத் தங்கச்சி முறை. வலி கேட்கவில்லை.

"உத்தரவு போட்டாச்சு சிஸ்டர், எறங்கத்தான் பஸ் இல்ல. வழியெல்லாம் மரம்" என்றேன், நர்ஸ் ரீத்தாவிடம். எலிக் கதையை எல்லாம் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

"செரட்டோனின் இன்னா ஆச்சு உங்களுக்கு?"

"ஆயம்மா எடுத்துக்கினு மலைக்குப் போயிட்டா."

"எலிக்கு மருந்து குடுத்து வத்தவெச்சாங்க, சரி. பொண்டாட்டி போனா வத்தும்னு உங்க டாக்டரம்மா சொன்னாங்களா?"

"சொல்லலிங்க."

"அப்ப எலும்பு ஒடிஞ்சா வலிக்கும். கம்முனு படுங்க."

ஜன்னல் வழியாக மேற்கே கல்வராயன் மலை தெரிந்தது. அத்தனை பெரிய மலையில் எது அவள் மூட்டிய அடுப்பின் புகை என்று தேடிக்கொண்டே கிடந்தேன். ஆயம்மாள் சத்தமில்லாமல் சிரிப்பாள். சிரிப்பு தாங்காதபோது பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் படீரென்று அடிப்பாள். எங்கள் வீட்டில் நெளியாத பாத்திரம் கிடையாது. இரண்டு மாதமாக ஒரு பாத்திரமும் நெளியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்த வீரமுத்து வெள்ளிமலைக்காரர். கையில் வெட்டுக்காயம். கட்டுப் போட்டு அனுப்பியபோது அவரிடம் சொல்லிவிட்டேன்: அஞ்சு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத புளியமரம் மேலே விழுந்து என் கால் ஒடிஞ்சுபோச்சு, உடனே வரச் சொல்லுங்க.

மூன்றாம் நாள் கட்டு மாற்ற வந்தார். மலையில் ஜீப், கீழே நடை.

"இன்னா சொன்னா?"

"மரம் நல்லா இருக்கான்னு கேட்டுக்கினு வரச் சொல்லுச்சுங்க."

வீரமுத்து சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவர் திரும்பும்போது என்ன சொல்லி அனுப்புவது என்று யோசித்தேன். யானை வந்தது, சிறுத்தை வந்தது. எல்லாம் வாய்வரை வந்தது. கடைசியில், "வலிக்குதுன்னு சொல்லுங்க" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், ஆயம்மாள் வந்தாள். செருப்பு அறுந்து கையில் இருந்தது. புடவையில் மரப்பிசின். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, மாவுக்கட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"நெஜமாத்தான் ஒடிஞ்சிருக்கு" என்றாள். "எந்த மரம்யா விழுந்துச்சு? வழியில நாப்பது மரம் தாண்டி வந்தேன்."

அஞ்சு பேர் கைகோத்த மரம் நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கினேன்.

"மரம் அதுபாட்டுக்குத்தான் கெடந்துச்சு. ஒரே தாவுல தாண்டறேன்னு மறியல்காரங்க கிட்ட பந்தயம் போட்டு, நான்தான் அதுமேல வுழுந்தேன்."

அவள் தோள் குலுங்கியது. சத்தமில்லை. பிறகு பக்கத்தில் இருந்ததைப் படீரென்று அடித்தாள். பக்கத்தில் இருந்தது என் மாவுக்கட்டு.

உயிர் போகிற மாதிரி வலித்தது. ரீத்தா சிஸ்டர் ஓடி வந்தார். காலை நான் இழுத்துக்கொள்ளவே இல்லை.