முப்பத்தாறு மணி நேரம்

லொரெய்ன் வண்டியைக் கிளப்பி ஹீட்டரைத் திருகிவிட்டு, முன்கண்ணாடியில் படிந்திருந்த பனி உருகும்வரை காத்திருந்தாள். உருகியதும் எஞ்சினை அணைத்தாள். சாவியைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, மணி ஆறே முக்கால். ஏழரைக்கு அங்க இருக்கணும்" என்றாள் பக்கத்தில் இருந்த மகள் கோரின்.

"நான் வண்டிய எடுக்கப் போறதில்லடி."

கோரினுக்கு வயிறு முழுக்கப் புண்ணாகக் கிடந்தது. பதினோரு நாளாகக் காலையும் மாலையும் தொப்புளைச் சுற்றித் தானே ஊசி போட்டுக்கொண்டதில், குத்துவதற்குக் கன்றாத இடம் தேட வேண்டியிருந்தது. முப்பத்தொன்பது வயது. பிட்ஸ்பர்க் பேருந்து அலுவலகத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று நாளெல்லாம் வயர்லெஸ்ஸில் கத்துகிற வேலை. கல்யாணம் கைகூடவில்லை, அதைப் பற்றி இனி அழுவதற்கும் அவளுக்குத் தெம்பில்லை. பிள்ளை ஆசை மட்டும் விடுவேனா என்றது. முட்டைகளை எடுத்து உறையவைத்துக்கொண்டால் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று போன வருடம் துணிந்தாள். அப்போது கிடைத்தவை இரண்டு. டாக்டர் இந்த முறை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: இதுதான் கடைசி, இதற்குமேல் உன்னை வதைக்க எனக்கு மனமில்லை.

ஸ்கேனில் முட்டை வளரும் நான்கு சிறு பைகள் தெரிந்தன. செவ்வாய்க்கிழமை இரவு சரியாக எட்டரைக்கு, முட்டைகளை முதிரவைக்கும் கடைசி ஊசி. அதிலிருந்து முப்பத்தாறு மணி நேரத்தில் முட்டைகளை எடுத்தாக வேண்டும். தாமதித்தால் அவை தாமாகவே கழன்று உள்ளுக்குள்ளேயே வீணாகிவிடும். அதாவது இன்று வியாழன், காலை எட்டரை.

மயக்க மருந்து கொடுப்பதால், கூட வந்த ஆள் கையெழுத்துப் போட்டால்தான் மேசையில் ஏற்றுவார்கள். டாக்சிக்காரன் செல்லாது. முதல் தடவை வந்த தோழி அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டாள். மற்றவர்களுக்கு வேலை, பிள்ளை, பள்ளிக்கூடம். யோசித்து யோசித்துக் கடைசியில் ஜான்ஸ்டவுனில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டாள். சினைப்பையில் சின்னக் கட்டி, எடுக்க வேண்டும் என்று சொன்னாள். நேற்று மாலை லொரெய்ன் வெண்ணெயில் வதக்கிய முட்டைக்கோஸ் நூடுல்ஸைப் பெரிய பாத்திரம் நிறையச் சுமந்துகொண்டு வந்து இறங்கினாள். சர்ச்சில் யார் செத்தாலும் துக்கச் சாப்பாட்டுக்கு அவள் கை நூடுல்ஸ்தான். அந்தப் பாத்திரத்தைக் கண்டதும் கோரினுக்குச் சுருக்கென்றது.

இப்போது லொரெய்ன் கைப்பையைத் திறந்து, டிஷ்யூவில் சுற்றிய எதையோ எடுத்து மகளின் மடியில் வைத்தாள். வெள்ளைக் குச்சி. இரண்டு கோடுகள்.

"பாத்ரூம் குப்பைக் கூடையில கெடந்துச்சு. மூணு பெத்தவடி நான், எனக்குத் தெரியாதா? வெறும் வயித்தோட வரணும், மயக்க ஊசி, பொம்பளைங்க ஆஸ்பத்திரி. கட்டியாம் கட்டி."

"அம்மா, அது வந்து..."

"நான் பேசி முடிச்சிடறேன். அப்பன் யாருன்னு கேக்க மாட்டேன். சாமியார் என்ன சொல்வாரு, உங்க பெரியம்மா என்ன சொல்வா, அதெல்லாம் நான் பாத்துக்கறேன். பெத்து என் கையில குடுத்துட்டு நீ உன் வேலையப் பாரு. தையல் மிஷின் ரூம காலி பண்ணிடறேன். அழிச்சிடாதடி. உன் கால்ல வேணா விழறேன்."

கோரினுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. புருஷன் இல்லாமல் பிள்ளை பெற்றால் அம்மா வீட்டு வாசலை மிதிக்கவிட மாட்டாள் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தாள். பத்து வருடத்துக்கு முன்னால் இந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த ஊசி ஒன்றும் வேண்டியிருந்திருக்காது. கோபம் பொங்கியது. கோபிக்கவும் நேரமில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். உருகி வழிந்த கண்ணாடி மறுபடி மங்கத் தொடங்கியது.

"அப்போ இந்தக் கோடு?"

"மருந்தும்மா. மாசமா இருந்தா ஒடம்புல ஊறுமே, அதே சங்கதிதான் ஊசியிலயும் இருக்கு. மருந்து ஏறுச்சான்னு மறுநாள் காலையில இதுல பாக்கச் சொல்வாங்க. ரெண்டு கோடு வந்தா ஏறிடுச்சுன்னு அர்த்தம். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று தெரிந்தும், நேற்றுக் காலை குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் சொல்லவில்லை.

"வயித்துல ஒண்ணுமே இல்லையா?"

"இல்லம்மா."

லொரெய்ன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். ஒரு ராத்திரி மட்டும் பாட்டியாக இருந்தவளின் முகம் மெல்ல மெல்லப் பழைய முகமானது.

"ராத்திரி பேரு கூட யோசிச்சேன். பையனா இருந்தா லியோ, உங்கப்பா பேரு." மூக்கை உறிஞ்சினாள். "எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"பெரியம்மா மக பெத் அக்கா இதையே பண்ணிக்கிட்டப்போ நீ என்ன சொன்ன? புள்ளைங்கள பட்டாணி மாதிரி ஃப்ரீசர்ல போட்டு வைக்கிறாளாம்னு சர்ச் கிச்சன்ல எல்லாரையும் சிரிக்க வெச்ச. நானும் அங்கதான் தட்டு கழுவிக்கிட்டிருந்தேன்."

"அது சும்மா அடுப்படிப் பேச்சுடி."

"மணி ஏழு அஞ்சும்மா."

லொரெய்ன் கோட்டுப் பையைத் துழாவினாள். பதற்றத்தில் சாவி இருக்கைக்கு அடியில் விழுந்து, அதை எடுக்கவே இரண்டு நிமிஷம் ஆனது. மலைச்சாலையில் பனி உருக உப்புத் தூவும் லாரி முன்னால் ஊர்ந்தது. வாழ்நாளில் எந்த லாரியையும் முந்தாதவள் அதை முந்தினாள். ஆனாலும் போய்ச் சேர ஏழு ஐம்பது ஆகிவிட்டது. மேசையில் ஏற்றும்போது சுவர்க் கடிகாரம் எட்டு ஐம்பதைக் காட்டியதைப் பார்த்துக்கொண்டே கோரின் மயங்கினாள்.

மயக்கம் தெளிகிறவர்கள் எத்தனை, எத்தனை என்று ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பார்கள் என்று அங்கே புறங்கையில் நீல மார்க்கரால் கிடைத்த முட்டைகளின் எண்ணிக்கையை எழுதிவிடுவது வழக்கம். திரைக்கு அந்தப்பக்கம் ஒருத்தி போனில் "பத்தொம்போது, பத்தொம்போது!" என்று கூவிக்கொண்டிருந்தாள். கோரின் கண் திறந்ததும் கையைத்தான் தூக்கிப் பார்த்தாள்.

1.

டாக்டர் கால்மாட்டில் நின்றார். இரண்டு பைகளில் ஒன்றுமில்லை. ஒன்று ஏற்கெனவே கழன்றுவிட்டது. கிடைத்த இந்த ஒன்றும் உறையவைக்கும் அளவுக்கு முதிர்ந்திருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்துவிட்டு மூன்று மணிக்குள் போன் செய்வார்கள்.

"லேட்டா வந்ததாலயா?" என்று கேட்டது கோரின் அல்ல, மூலையில் நாற்காலியில் இருந்த லொரெய்ன்.

"அப்படிச் சொல்லிட முடியாதுங்க" என்றார் டாக்டர், கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு.

திரும்பும்போதும் லொரெய்ன்தான் வண்டியை ஓட்டினாள். அம்மாவைத் திட்டலாம் என்று கோரின் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். பொய் சொன்னது யார் என்ற இடத்தில் வந்து ஒவ்வொரு முறையும் அவை சரிந்தன. அம்மா சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கன்னத்தைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. தெரியாததுபோல வெளியே பார்த்தாள்.

வீட்டில் லொரெய்ன் நூடுல்ஸைச் சூடாக்கினாள். தட்டுகளை வைத்தாள். போனை மேசையின் நடுவில் உப்பு ஜாடி மேல் சாய்த்து வைத்தாள். மணி பன்னிரண்டு.

"கையக் கழுவிட்டு வாடி" என்றாள், நாற்பது வருடப் பழக்கத்தில்.

கோரின் குழாயடிக்குப் போனாள். இடது கையை நீருக்கடியில் நீட்டினாள். எண் எழுதிய வலது கையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். ஒரு கையை மட்டும் எப்படிக் கழுவுவது என்று தெரியாமல் அப்படியே நின்றாள். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

லொரெய்ன் பின்னால் வந்து குழாயை மூடினாள். துண்டின் முனையை நனைத்துப் பிழிந்தாள். மகளின் வலது கையை வாங்கி ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள், உள்ளங்கையைத் துடைத்தாள், புறங்கைக்கு வந்ததும் துண்டை ஒற்றை விரலில் சுற்றிக்கொண்டு, அந்த நீலக் கோட்டின்மேல் ஈரம் படாமல் சுற்றிச் சுற்றித் துடைத்தாள்.