சிவப்புப் பொத்தான்

1977இல் மெல்பேணில், அமெரிக்கக் கார் கம்பனி ஒன்றின் தொழிற்சாலையில் எனக்கு வேலை. பிழையான கதவில் சோக்குக் கட்டியால் கோடு போடுவேன். லைனில் கார் நிற்காமல் நகர்ந்துவிடும். பிறகு யாராவது திருத்துவார்கள்.

"அமெரிக்காவை ஜப்பான் முந்த ஏலாது, இரஞ்சிதம். அமெரிக்கன்ர பொருளாதாரம் மூண்டு மடங்கு பெரிசு," என்றார் யூனிவர்சிட்டியில் படிப்பிக்கும் என் கணவர்.

"முந்துவாங்கள். அங்கை பிழையைக் கண்டவன் லைனையே நிப்பாட்டுறானாம். இஞ்சை நான் கோடு போட்டிட்டு விடுறன்."

சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஒரு காரின் கதவு சரியாக மூடவில்லை. சோக்கைப் பையில் போட்டுவிட்டு, 'ஆபத்துக்கு மட்டும்' என்றிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். லைன் முழுவதும் நின்றது. ஃபோர்மன் கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

ஆபத்து எங்கே என்று கேட்டான்.

கதவைக் காட்டினேன்.