அரைமணி பிந்திய தட்டு

இரண்டாயிரமாம் ஆண்டு மாசி மாதத்திலிருந்து நமசிவாயத்தின் இடப்பக்கச் சுழலியில் எந்த இசைத்தட்டைப் போட்டாலும், வன்னியில் இருந்த அவன் மனைவி நாகேஸ்வரியின் தையல் மெசின் சத்தமே கேட்டது. அதுவும் அரைமணி பிந்தி. அரசாங்கம் கொழும்பு மணிக்கூடுகளை அரைமணி முன்னே தள்ளியதும், இயக்கத்தின் பிடியிலிருந்த வன்னியில் பழைய நேரத்தையே வைத்திருந்ததும் அவன் குடியிருந்த வெள்ளவத்தையில் எல்லாருக்கும் தெரியும். மணிக்கூடு மட்டுமல்ல, அங்கே பொழுதே உண்மையில் பிந்தித்தான் நடந்தது என்பதை அந்த ஒழுங்கைச் சனம் இந்த மெசினால் அறிந்துகொண்டது.

நமசிவாயம் முப்பத்தாறு வயதில் டிஜே வேலை பழக வந்தவன். வேலை பார்த்த கொம்பனி பூட்டுப்பட்டதும், கல்யாணங்களுக்கு சவுண்ட் செட் வாடகைக்கு விடும் மாளிகாவத்தை பலீல் பழைய சுழலிகள் இரண்டைக் கொடுத்தான். "ரெண்டு தட்டுட தாள அடியும் ஒண்டா விழணும் மச்சான். வேகத்தைக் கூட்டிக் குறைங்க, விலகினா விரலால தள்ளுங்க. அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்று சொல்ல அவனுக்கென்ன! நமசிவாயத்தின் தட்டுகள் படிக்கட்டில் தகரவாளி உருளுவதுபோல் அடித்துக்கொண்டன. பெண்ணொருத்தி பொலிஸில் பதியாமல் தங்கித் தைக்கிறாள் என்று முறைப்பாடு போய், பொலிஸ்காரர் ஒருவர் வந்து தேடினார். சத்தம் மட்டும் இருக்கிறது என்று எழுதி, நாகேஸ்வரியின் பெயரையும் வீட்டுப் பதிவில் சேர்த்துவிட்டுப் போனார். வன்னியை விட்டு வெளியேற மூன்று தரம் பாஸ் மறுக்கப்பட்டவள் இப்படித்தான் கொழும்புக்கு வந்துசேர்ந்தாள்.

வைகாசியில் ஒருநாள் வலப்பக்கப் பாட்டும் மெசினும் நான்கு அடி ஒன்றாய் விழ, "ஆரது?" என்று நாகேஸ்வரி கேட்டாள். அவன் வாய் திறப்பதற்குள் தாளம் விலகிவிட்டது. சேர்ந்தால் அவளுக்குக் கேட்கும் என்று தெரிந்தபின் அவன் சோறு தண்ணீரை மறந்தான். ஆனால் காலால் மிதிக்கிற மனுசிக்கு ஒரே வேகம் எங்கே இருக்கிறது?

ஆவணியில் ஒரு நண்பகல் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, பத்து நிமிடத்துக்கு முன் வன்னிச் சந்தையில் கிபிர் விமானம் குண்டு போட்டதாக வானொலி சொன்னது. அந்தச் சந்தை மூலையில்தான் நாகேஸ்வரியின் தையற்கடை; பின்னால் பங்கர் என்ற பதுங்குகுழியும் இருந்தது. வானொலிக்கு அது நடந்து பத்து நிமிடம். இடப்பக்கத் தட்டில் அதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மெசின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி அக்கா ஓடிவந்தாள். "தம்பி, மெசின் ஓடுதெல்லோ! பங்கருக்கை இறங்கச் சொல்லுங்கோ அவளை!"

அவன் வலப்பக்கத் தட்டில் விரலை வைத்தான். தள்ளினால் கூடியது, பிடித்தால் குறைந்தது. பாழாய்ப்போன விரல்! பதினாறாவது நிமிடத்தில் அவன் மெசினைத் துரத்துவதை விட்டு, பாட்டை அவளுடைய காலுக்குப் பின்னே நடக்கவிட்டான். எட்டு அடி சேர்ந்து விழுந்தது. "நாகேஸ், பங்கருக்கை ஓடு!" என்று கத்தினான். மெசின் நின்றது. கேட்டுவிட்டாள் என்று பாலேஸ்வரி அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவளுக்குக் கேட்கவில்லை. தாளம் முழுதாய்ப் பொருந்தியதும் இரண்டு ஊரின் நேரமும் ஒன்றாகி, பிந்தியிருந்த அரைமணி இல்லாமல் போய்விட்டது. இடப்பக்கத் தட்டிலும் இப்போது பன்னிரண்டு பதினாறு. ஆட்கள் கூரைத்தகரம் இழுக்கும் சத்தமும், "நாகேஸக்கா, நாகேஸக்கா" என்ற ஒரு பெண்ணின் அழுகையும் கேட்டன. பொருத்தாமல் விட்டிருந்தால் அவளுக்கு இன்னும் நாலு நிமிடமாவது இருந்திருக்கும்.

அவளுடைய முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்து பலீல் கூப்பிட்ட கல்யாணங்களுக்கு அவன் போனான். அதன்பிறகு அவன் போட்ட எந்த இரண்டு தட்டும் விலகியதில்லை. நல்ல டிஜே என்று கொட்டாஞ்சேனை வரைக்கும் பெயர் போனது. சனம் ஆடிக்கொண்டிருக்கும்போது, அரைமணியாவது பிந்தட்டும் என்று அவன் இடப்பக்கத் தட்டை விரலால் பிடித்துப் பிடித்து இழுப்பதைப் பக்கத்தில் நின்றவர்கள் கண்டிருக்கிறார்கள். தட்டு பிந்தாது.