ஒரு பக்க வெளிச்சம்

தம்பியின் தோள்பையைக் கட்டிலின்மேல் கவிழ்த்துக் கொட்டினார் தமீம் அன்சாரி. ஒரு சட்டை, சோப்புப் பெட்டி, சுருட்டிய காகிதம், துணியில் பொதிந்த கரிக்குச்சிகள். அடுத்த அறையில், விடியற்காலையில் மௌத்தான அத்தா ஹபிபுல்லா வெள்ளைத் துணிக்குள் கிடந்தார்.

"மௌத்து ஊட்டுக்கு இத்த இன்னாத்துக்குடா எடுத்துக்கினு வந்த?"

"போன் வந்ததும் பைய தூக்கிக்கினு ஓடியாந்தேன்ணே. உள்ள இன்னா கீதுன்னுகூடப் பாக்கல," என்றான் அஹ்சன்.

தமீம் காகிதத்தையும் கரியையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கும்மிடிப்பூண்டி ரசாயனத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளரான அவர்தான், எம்.எஸ்ஸி. முடித்த தம்பியை அங்கே ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட்டவர். இரண்டாயிரத்து மூன்றில் அவன் அந்த வேலையை உதறிவிட்டுச் சென்னையில் ஒரு முதிய ஓவியரிடம் போய்ச் சேர்ந்தான். மரபான பயிற்சி, முதலில் கரி, பிறகுதான் வண்ணம். ஓராண்டு முழுவதும் ஒரே சிலையின் தலையைப் பார்த்துப் பார்த்து வரைந்தானாம். "ஜன்னல்ல ஒரு கதவு தொறந்தா போதும்த்தா. ஒரு பக்க வெளிச்சத்துலதான் மூஞ்சி முழுசா தெரியும்," என்று அவன் விளக்கியபோது அத்தா சிரிக்கவில்லை, கதை சொன்னார்.

"பழவேற்காட்டு ஏரில ஒரு கொக்கு தன் நெழலையே பாத்துக்கினு நின்னுச்சாம். மீனெல்லாம் கால் நடுவுல பூந்து போயிடுச்சாம். பொழுது சாஞ்சதும் நெழலும் பூடுச்சாம்."

அத்தாவின் கதைகளில் நீதி சொல்லும் வேலை கேட்பவனுடையது. அன்றிலிருந்து அஹ்சனுக்குக் 'கொக்கு' என்பதே பெயராயிற்று.

நேற்று மாலை, மூச்சு இழுக்கத் தொடங்குமுன், அத்தா தமீமின் மணிக்கட்டைப் பற்றினார். "கொக்கு வரும். எம் மூஞ்சிய வரைய உட்டுடாத." அதற்குப் பின் இன்னும் ஒன்று சொன்னார். அதைத் தமீம் யாரிடமும் சொல்லவில்லை.

"நான் குளிப்பாட்டணும்ணே."

"வேணாம்."

"நானும் புள்ளதான?"

"கரிய பூட்டிட்டேன். உன் கண்ண இன்னாடா பண்றது? அத்தா மூஞ்சிய நீ வரையக்கூடாதுன்னு வாக்கு வாங்கிக்கினு போயிருக்காரு. நீ ஒருவாட்டி பாத்தாலே போதுமே!"

பின்கட்டிலிருந்து பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் குரல் வந்தது: "தண்ணி ரெடி. புள்ளைங்க வாங்கப்பா."

"மூஞ்சிய பாக்கமாட்டேன்," என்றான் அஹ்சன். "போதுமா?"

நான்கு பேர் போர்வையைத் திரையாகப் பிடித்து நின்றார்கள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய நீரைத் தமீம் மொண்டு ஊற்ற, அஹ்சன் தேய்த்தான். தமீமின் பார்வை தம்பியின் முகத்தைவிட்டு நகரவில்லை. தந்தையின் முகத்தருகே கை வந்ததும், அஹ்சன் இமைகளை இறுக மூடிக்கொண்டான்.

விரல்கள் மட்டும் போயின. நெற்றி மேடு, புருவக் குழி, மூக்கின் சரிவு. தாடிக்குள் மறைந்திருந்த, ஏரியில் மீன் பிடித்த நாளில் வலைக்கயிறு அறுத்த பழைய தழும்பு. அங்கே விரல் ஒரு கணம் நின்றது. தமீம் நீர் ஊற்றுவதை மறந்து அந்த விரலையே பார்த்தார்.

"தண்ணி, தமீம்," என்றார் ஹஜ்ரத்.

கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து கூடத்தில் கிடத்தினார்கள். பெண்கள் பார்த்து முடித்தார்கள்.

"சின்னவன் எங்கடா? அவன் பாக்கலியே?" என்று கேட்டார் அம்மா குல்சும்.

அவன் தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்து நின்றிருந்தான். தமீம் அருகே போனார்.

"அத்தா இன்னொண்ணும் சொன்னாரு. கோவத்துல நான் சொல்லல."

அஹ்சன் திரும்பவில்லை.

"'மறுமையில அல்லா, நீ வரைஞ்ச படத்துக்கு உசுரு குடுன்னு கேட்டா, எம் புள்ள இன்னாடா பண்ணுவான்?'ன்னாரு."

சுவரில் பதிந்திருந்த அஹ்சனின் கை மெல்ல நழுவிக் கீழே இறங்கியது.

"வாடா கொக்கு. பாக்கத்தான் கூப்புடுறேன்."

கூடத்து ஜன்னல்கள் சாத்தியிருந்தன. தமீம் ஏரிப்பக்கத்து ஜன்னலில் ஒரு கதவை மட்டும் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். மையத்தைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டியைத் தூக்க வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சற்றுப் பொறுக்கும்படி அவர்களுக்கு ஒரு கையால் சைகை காட்டினார். மறு கை பீரோ சாவி கிடந்த சட்டைப்பையின் மேல் இருந்தது.